புள்ளிக்குட்டிக்குத் தகப்பன் யார்

என் நாயைக் கொன்றவரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் இவள் மனசு இளகியிருப்பாள் என்று நினைத்துப் படித்துவிட்டு யாரும் ஏமாறக் கூடாது. 'கொன்றவர்' என்று எழுதியிருப்பதையும் மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊரே அவரை அவர், இவர் என்றுதான் சொல்கிறது. எனக்கும் வாய் பழகிவிட்டது. மனசுக்குள் நான் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறேன் என்பதை அச்சில் போட முடியாது.

கீழப்பழுவூரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு தையல் கடை. ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். வீட்டுக்காரர் டிப்பர் லாரி ஓட்டுகிறார். சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லோடு. அவருக்கு நைட் ஷிஃப்ட் வந்தால், கடையைச் சாத்திவிட்டு ஊருக்குள் இருக்கும் வீட்டுக்கு நான் ஒருத்தியாக நடந்து போக வேண்டும். ஒரு பக்கம் சோளக்கொல்லை, ஒரு பக்கம் கைவிட்ட சுரங்கப் பள்ளம். அந்த வழிக்கு எனக்குத் துணை என் நாய்தான். நாட்டு நாய். உடம்பு முழுக்கச் செவலை, ஒரு பொட்டு வெள்ளை கிடையாது. பகலெல்லாம் தையல் மிஷினுக்கு அடியில் படுத்திருக்கும். நான் பெடல் மிதிக்கும்போது என் கால் அதன் முதுகில் உரசிக்கொண்டே இருக்கும். அது செத்துப் பல நாள் வரைக்கும் நான் காலைத் தள்ளி வைத்துத்தான் மிதித்தேன்.

நாயைக் கொன்றவர் எங்கள் ஊரின் பெரிய நிலக்காரர். என் மாமனார் அவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். இன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் அவர் வயலை நம்பி இல்லை. லாரி ஓட்டுகிறோம், தைக்கிறோம், டைல்ஸ் ஒட்டுகிறோம், ஒரு பெண் பெரம்பலூரில் நர்ஸாக இருக்கிறாள். அது அவருக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது என்பது என் எண்ணம். நிலம் போக அவருக்கு இருந்த பெருமை நாய். ராஜபாளையம் நாய், அவர் அப்பா காலத்திலிருந்து தாய் வழியாக வரும் ஒரே வம்சம். பால் மாதிரி வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. பெரம்பலூரில் நாய்க் கண்காட்சி நடந்தால் கோப்பை அவர் வீட்டுக்குத்தான் வரும். "வெள்ளைன்னா வெள்ளைதான். ஒத்த முடி வேற நிறத்துல இருந்தாலும் அது என் வூட்டு நாய் இல்ல" என்பார். டீக்கடையில் இதை நூறு பேர் நூறு முறை கேட்டிருப்போம்.

அந்த வம்சத்தில் கடைசியாக இருந்தது ஒரு பெட்டை. அதற்கு வயது ஏறிக்கொண்டே போனது. ராஜபாளையத்திலிருந்தே ஒரு வெள்ளை ஆண் நாயை வாங்கி வந்து சேர்த்தார். அந்தச் சமயத்தில் என் நாய் ஒரு நாள் அவர் தோட்டத்து மதில் ஓரம் நின்றதை அவருடைய வேலையாள் பார்த்திருக்கிறான். பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் ஊரில் இருக்கிற எல்லா ஆண் நாயும் அந்த மதிலோரம்தான் நிற்கும். அது யாருக்கும் அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை.

குட்டி பிறந்தது. பிறந்த அன்றே, முன்பணம் கொடுத்து வைத்திருந்த பெரம்பலூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கிவிட்டார். பெருமை பொறுக்காமல் இவரே போன் போட்டு வரச்சொல்லியிருக்கிறார். கூடையைத் திறந்தால் அத்தனை குட்டியும் புள்ளி. காதில், முதுகில், வாலடியில் பழுப்புத் திட்டு. வந்தவர் சிரித்துவிட்டு, "இதத்தான் சுத்தம்னு சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிந்து நான் கதவைத் திறந்தால் என் நாய் வாசலில் விறைத்துக் கிடந்தது. வாயோரம் நுரை, பக்கத்தில் வாழை இலைத் துண்டில் கறிச் சோறு. இரவில் என்னை எழுப்பப் பார்த்திருக்கிறது. கதவின் கீழ்ப்பலகை முழுக்கப் பிறாண்டிய கோடு. மழைச் சத்தத்திலும் ஃபேன் சத்தத்திலும் ஒன்றும் கேட்காமல் நான் தூங்கியிருக்கிறேன்.

யார் செய்தது என்று நான் தேடி அலையவே இல்லை. அன்றைக்குக் காலையில் டீக்கடையில், நானும் வீட்டுக்காரரும் நிற்கும்போதே, பத்துப் பேர் நடுவில் அவரே சொன்னார். "ஆமா, நான்தான் வெக்கச் சொன்னேன். என் பெட்டைய கெடுத்துச்சு. எல்லாக் குட்டியும் ஒரே மாதிரி புள்ளி, அத்தனையும் அந்த நாயோடதுதான். குட்டிங்களையும் சாக்குல கட்டிப் பள்ளத்துல போடச் சொல்லிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தெரு நாய் தெருவோட இருக்கணும்மா. மதில் தாண்டுனா இப்புடித்தான்."

நாயைப் பற்றி மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை. அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். சிலர் டீயைப் பார்த்தார்கள், சிலர் ரோட்டைப் பார்த்தார்கள். அப்படியே அந்தக் கொதிக்கிற டீ பாய்லரைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றேன்.

"நாய்க்கா? சிரிப்பாங்க. வுடு புள்ள" என்றார் வீட்டுக்காரர்.

"நான் வுட மாட்டேன்."

"சரி, வுடாத. இப்ப சோத்தப் போடு."

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்பார். ஆனால் அன்றைக்கு மாலை அவர்தான் அந்தக் குட்டியைக் கொண்டுவந்தார். லாரி கழுவத் தண்ணீர் எடுக்கப் பழைய பள்ளத்தில் இறங்கியிருக்கிறார். வீசிய சாக்கு தண்ணீர் வரைக்கும் போகாமல் பாதிச் சரிவில் கருவேல முள்ளில் மாட்டிக் கிழிந்திருக்கிறது. மற்றவை செத்துவிட்டன. ஒரு பெட்டைக் குட்டி மட்டும் கண் திறக்காமல் ஊர்ந்துகொண்டிருந்ததாம். சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்து என் முன்னால் நீட்டினார். "போற வழியில எங்கியாச்சும் வெச்சிடலாம்னுதான் பாத்தேன். விரலச் சப்புது" என்றார்.

அதைப் பார்த்ததும் முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இதுகள் பிறந்ததால்தானே என் நாய் செத்தது. பிறகு இன்னொன்று தோன்றியது. அவர் சொன்னது நிஜம் என்றால் இது என் நாயின் குட்டி. அது போட்டுவிட்டுப் போன ஒரே உயிர். துணியை நனைத்துப் பால் ஊட்டினேன். அதன் முகத்தில் என் நாயின் ஜாடையைத் தேடினேன். காது மடிவது அதுபோலவே இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் காட்டினேன். எல்லாக் குட்டிக்கும் காது அப்படித்தான் மடியும் என்று அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தடுப்பூசிக்காகப் பெரம்பலூருக்கு எடுத்துப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா நாய்களுக்கென்றே கிளினிக் வைத்திருக்கிறார். கட்டைப்பைக்குள் குட்டியை வைத்து மேலே துண்டைப் போட்டு மூடி, அரியலூரில் பஸ் மாறிப் போனேன். நடுவழியில் அது குரைத்துத் தொலைத்தது. கண்டக்டர் பையையும் என்னையும் பார்த்துவிட்டு, "கோழின்னு சொல்லாதீங்க, நானும் நாய் வளக்குறவன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டரம்மா குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதை முழுக்கக் கேட்டார். பிறகு கேட்டார்: "உங்க நாய் முழுச் செவலையா? நெஞ்சுல, பாதத்துல கூட வெள்ளை இல்லையா?"

"இல்லீங்க."

"அப்ப எனக்குச் சந்தேகமா இருக்கு. முழுச் செவலை அப்பனா இருந்தா குட்டிங்க பெரும்பாலும் உடம்பு முழுக்கச் செவலையாத்தான் பொறந்திருக்கும். இது வெள்ளை உடம்புல திட்டு. ரெண்டு வெள்ளை நாய்க்கே இப்படிப் பொறக்கலாம்."

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். டி.என்.ஏ. சோதனை. நாயின் கன்னத்து உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்து பெங்களூருக்கு அனுப்பினால், எந்தெந்த இனம் அதில் கலந்திருக்கிறது என்று சொல்வார்களாம். தாய், தகப்பன் என்று நினைக்கிற நாய்களின் எச்சிலும் இருந்தால், குட்டி அவற்றுக்குப் பிறந்ததுதானா என்று அடித்துச் சொல்லிவிடுவார்களாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் வெளியே ஒன்றும் கண்ணில் படவில்லை. குட்டி மடியில் தூங்கியது. இது அவர் நாய்க்குப் பிறந்தது என்று வந்தால் என் நாய் தப்புச் செய்யவில்லை, அநியாயமாகச் செத்தது என்று ஆகும். ஆனால் என் மடியில் இருப்பது அவர் வீட்டு ரத்தம். என் நாய்க்குப் பிறந்தது என்று வந்தால் அதன் பிள்ளை என்னிடம் இருக்கும். ஆனால் அவர் சொன்னது சரியாகிவிடும். இரண்டில் எது வேண்டும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கீழப்பழுவூர் வருவதற்குள் தெரிந்துவிட்டது. எனக்கு அவருடைய மூக்கு அறுபட வேண்டும்.

ஆனால் அவர் நாய்களின் எச்சில் வேண்டுமே. திருட்டுத்தனமாக எடுக்க எனக்கு இஷ்டமில்லை. அவர் கையாலேயே கொடுக்க வைக்க வேண்டும். அவருக்கு எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரியும். டீக்கடை நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன்.

"ஐயா, அந்தப் புள்ளிக்குட்டி என்கிட்ட உசுரோட இருக்குதுங்க" என்றேன். அவர் முகம் மாறியது. "அது என் நாயோடதுதான்னு சொன்னீங்க. எச்சில எடுத்துச் சோதிச்சா யாருதுன்னு தெரிஞ்சிருமாம். உங்க ஜோடிய பெரம்பலூர் கூட்டிக்கிட்டு வாங்க. என் நாயோடதுன்னு வந்தா, இதே எடத்துல நின்னு, என் நாய் செத்தது சரிதான்னு நான் என் வாயால சொல்றேன். உங்க நாயோடதுன்னு வந்தா, என் நாய் மேல தப்பில்லன்னு நீங்க சொல்லணும்."

"போம்மா, வேலையப் பாரு."

"உங்க நாய் சுத்தமாச்சே. சுத்தமா இருக்குறவங்களுக்கு என்னங்க பயம்?"

கடையில் யாரோ இருமினார்கள். அவர் டம்ளரை வைத்தார். "பயமா? எனக்கா? ஞாயித்துக்கெழமை வரேன். செலவையும் நானே கட்டுறேன்" என்றார். நான் நினைத்துப் போனதைவிட ஒரு படி மேலேயே போய்விட்டார் மனுஷன். அன்றைக்கு நான் தைத்த ஜாக்கெட்டில் ஒரு தையல்கூடக் கோணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் இரண்டு வெள்ளை நாயையும் காரில் ஏ.சி. போட்டுக் கூட்டிவந்தார். நான் கட்டைப்பையோடு பஸ்ஸில் போனேன். நாய்கள் ஒன்றை ஒன்று நக்கிவிடாமல் டாக்டரம்மா தனித்தனி அறையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கையுறை மாற்றிக் குச்சியால் தேய்த்து எடுத்தார். புள்ளிக்குட்டியைப் பெட்டை நாயின் அறையைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே அந்தப் பெட்டை முனகத் தொடங்கியது. கதவைக் காலால் தட்டியது. அவர் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஊசி வாசனைக்குப் பயப்படுது" என்றார்.

ரிசல்ட் வர வாரங்கள் ஆயின. அதற்கிடையில் அவர் சம்சாரம் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தார். அந்த அக்காவுக்கும் எனக்கும் சண்டை இல்லை. கையைத் தூக்கி நின்றுகொண்டே சொன்னார்: "பெட்டைக்கு வயித்துல சீழ் புடிச்சு, கர்ப்பப்பையவே எடுக்க வேண்டியதாப் போச்சு. இனிமே அது குட்டி போடாது. மனுசன் நாலு நாளாச் சரியா சாப்புடல. அப்பா குடுத்த வம்சம் என்னோட போச்சேன்னு பொலம்புறாரு." நான் அளவு டேப்பை இழுத்துப் பிடித்து, "அப்படிங்களாக்கா" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு நாள் மத்தியானம் டாக்டரம்மா போன் செய்தார். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். குட்டிக்குத் தாய் அவருடைய பெட்டை. தகப்பன் ராஜபாளையத்திலிருந்து வந்த அவருடைய வெள்ளை ஆண் நாய். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது. நம் ஊர் நாய்களை ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிகள் அவர்களிடம் குறைவு, அதனால் ராஜபாளையம் எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல முடியாதாம். ஆனால் பெட்டை நாயின் ரத்தத்தில் பாயிண்டர் என்கிற வெளிநாட்டு வேட்டை நாய் கலந்திருப்பது தெளிவாகத் தெரிகிறதாம். புள்ளி போட்ட நாய் அது. எப்போதோ, எந்தத் துரை வீட்டிலிருந்தோ வந்து கலந்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

நான் குனிந்து மிஷினுக்கு அடியில் பார்த்தேன். புள்ளிக்குட்டி அங்கே படுத்து நூல்கண்டைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் காதில் என் நாயின் ஜாடை துளிகூட இல்லை. எப்போதும் இருந்ததில்லை. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் ரிப்போர்ட்டை எடுத்து, அங்கேயே தமிழில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

ரிப்போர்ட் அவர் போனுக்கும் போயிருந்தது. அதனால்தான் டீக்கடைப் பக்கம் ஆளைக் காணோம். நான் தினமும் காலையில் குட்டியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு டீ, குட்டிக்கு ஒரு பன். கேட்டவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். ஊர் வாய்க்கு மெல்ல அவல் கிடைத்துவிட்டது. கோயில் திருப்பணி பேச அவர் வந்தே ஆக வேண்டிய நாள் ஒன்று வந்தது. வந்தார். மூஞ்சியில் ஈயாடவில்லை.

"இந்த ஒண்ணு என்னோடதா இருக்கலாம். மத்த குட்டிங்க உன் நாயோடது. ஒரே ஈத்துல ரெண்டு அப்பன் இருக்கும்னு நெட்ல போட்டுருக்கான்" என்றார்.

"எல்லாக் குட்டியும் ஒரே மாதிரி புள்ளின்னு இதே பெஞ்சுல உக்காந்து சொன்னது நீங்கதானுங்க. புள்ளி எங்கேருந்து வந்துச்சுன்னும் இதுல போட்டுருக்கு. உங்க வூட்டுப் பெட்டைகிட்டேருந்து. படிக்கட்டுங்களா?"

"வேணாம்."

"அப்ப சொல்லுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். அன்றைக்கு டீயையும் ரோட்டையும் பார்த்தவர்கள் எல்லாரும் இப்போது அவரைத்தான் பார்த்தார்கள். தாடைக்குள்ளேயே ஏதோ முனகினார்.

"கேக்கலீங்க" என்றேன்.

"உன் நாய் மேல தப்பில்ல."

"பின்னாடி இருக்குறவங்களுக்கும் கேக்கணுமுங்க."

சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை. ஒரு வரி சொன்னதால் என் நாய் எழுந்து வந்துவிடுமா. கதவில் இருந்த பிறாண்டல் கோட்டை நான் இன்னும் தேய்த்து எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியாக, நடந்து. எங்கள் தெருவில் அவர் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. என் மாமனார் செத்தபோதுகூட ரோட்டு முனையில் நின்று வேலையாள் கையில் மாலையைக் கொடுத்தனுப்பினார். இன்றைக்கு உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வேண்டுமென்றே ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். எங்கள் தெருவில் அவர் குடும்பத்தில் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அவர் வாங்கி, அண்ணாந்து, சொம்பு காலியாகும் வரை குடித்தார்.

"எங்க அப்பா கதவச் சாத்திக்கிட்டுத்தான் ஈத்து பாப்பாரு" என்றார். "எங்களையெல்லாம் உள்ள வுட மாட்டாரு. வெளிய வந்து, ரெண்டு மூணு செத்துப் பொறந்துடுச்சுடான்னு சொல்லுவாரு. ஒவ்வொரு ஈத்துலயும் அப்படித்தான். நான் அத நம்பிக்கிட்டே இருந்துட்டேன். அவரு போனப்புறம் நானா பாத்த மொத ஈத்து இதுதான்."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு ஈத்திலும் புள்ளிக்குட்டி பிறந்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு அதையெல்லாம் கொன்றுவிட்டு, மிச்சத்தை வெளியே கொண்டுவந்து சுத்தம் என்று சொல்லியிருக்கிறார் அவருடைய அப்பா. அந்தச் சுத்தத்தை வைத்துத்தான் மகன் என் நாயைக் கொன்றிருக்கிறார்.

"அந்தக் குட்டிய எனக்குக் குடும்மா" என்றார். "அதோட தாய்க்கு இனிமே இல்ல. எங்க அப்பா வச்சிட்டுப் போனதுல இது ஒண்ணுதான் மிச்சம். புள்ளியா இருந்தாப் பரவால்ல. ஒரு ஈத்து எடுத்துக்கிறேன். நீ என்ன கேட்டாலும் செய்யறேன்."

ஒரு குட்டிக்காக எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிறார். என் மாமனாருக்காகக் குடிக்கவில்லை. அந்தச் சொம்பைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஆனால் சிரித்த முகமாகவே சொன்னேன்: "வெள்ளிக்கெழமை வாங்க. முறையா வந்து கேளுங்க. தெருவுக்கே தெரியட்டும்."

புதன்கிழமை குட்டியைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் போனேன். இப்போது அது பைக்குள் அடங்காது. டிப்பர் லாரியில் வீட்டுக்காரர்தான் கொண்டுபோய் விட்டார். எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. கிளினிக்கில், குட்டிக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யச் சொன்னேன். நல்லதுதான், வளர்ந்துவிட்டது, செய்யலாம் என்றார் டாக்டரம்மா. பிறகு கொஞ்சம் யோசித்து, "இதுக்கு அப்புறம் அந்த வம்சத்துல வேற நாய் இல்லையே, அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"குட்டி என்னோடதுங்க" என்றேன்.

மாலையில் லாரியில் திரும்பும்போது, மயக்கம் தெளியாமல் நாக்கு தொங்க என் மடியில் கிடந்ததை வீட்டுக்காரர் பார்த்தார். வயிற்றில் முடி மழித்து, தையல். லாரியை ஓரம் கட்டிவிட்டார்.

"உன் கோவத்துக்கு இது வயித்துல எதுக்குக் கத்திய வெச்ச?" என்றார்.

"தெருவுல எல்லா நாய்க்கும்தான் பண்றாங்க. இதுக்கு நல்லதுதான்."

"நல்லதுக்கா பண்ணின?"

நான் தையல் மேல் முந்தானையை இழுத்துப் போட்டேன். அவர் வண்டியை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை அவர் சம்சாரத்தோடு வந்தார். பெட்டைக் குட்டியை வெற்றிலை பாக்கு வைத்து வாங்குவது அவர்கள் வீட்டு வழக்கமாம், பெண் எடுக்கிற மாதிரி. அந்த அக்கா கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ, ஒரு புதுச் சிவப்புக் கழுத்துப்பட்டை. தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "குட்டிய எங்க வூட்டுக்குக் குடுங்கம்மா" என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்து 'ங்க' போட்டார்.

நான் உள்ளே போய்க் குட்டியைத் தூக்கிவந்து, அவர் முன்னால் மல்லாத்திப் பிடித்தேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அடிபட்டுவிட்டதா என்று பதறினார். பிறகு தையல் இருக்கும் இடத்தைப் பார்த்தார். நாய் வளர்க்கிறவர், ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படியே என் வாசல் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டி.

"நானாச்சும் தெரியாம செஞ்சேன்" என்றார். "நீ தெரிஞ்சே செஞ்சிருக்க."

"ஆமாங்க" என்றேன். "தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அந்த அக்கா தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். குட்டிக்கு இதெல்லாம் என்ன தெரியும். கையிலிருந்து நழுவி இறங்கி, வலியோடு மெதுவாக நடந்து, அவரிடம் போனது. அவர் கையை முகர்ந்தது. வாலை ஆட்டிக்கொண்டே நக்கியது. அவர் அதன் தலையைத் தடவினார். காதில் இருந்த பழுப்புத் திட்டைப் பெருவிரலால் தேய்த்தார். மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூட இல்லை.

"அப்பப்ப வந்து இத ஒரு தடவ பாத்துட்டுப் போவட்டா?" என்று கேட்டார்.

"வேணாங்க" என்றேன். குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.